பி57 மாதிரிகளோடு வேலை தொடங்கப்போகும் தம்பிக்கு

தம்பி, வீடு பார்ப்பது, குளிர் தாங்குவது, வங்கிக் கணக்கு என்று நிறையக் கேட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் வந்த கொஞ்ச நாளில் தானாகப் பழகிவிடும். கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, "ஹெச்ஐவி ஆய்வகத்தில் சேர்கிறேன், பி57 உள்ளவர்களின் டி செல்களைப் பார்க்கச் சொல்கிறார்கள், எதில் கவனம் வேண்டும்?" என்று, அதற்குத்தான் இந்தப் பதில். பி57 என்பது வைரஸ் துண்டுகளை டி செல்களுக்குக் காட்டும் ஹெச்எல்ஏ-பி மரபணுவின் ஒரு வகை; அது உள்ளவர்களில் பலர் ஹெச்ஐவியை நன்றாகக் கட்டுக்குள் வைப்பார்கள்.

முதலில் டைப்பிங் ரிப்போர்ட்டை, அதாவது யாருக்கு எந்த ஹெச்எல்ஏ வகை என்று சொல்லும் அறிக்கையை, கேட்டு வாங்குங்கள். நம்மவர்களில் பலர் பேராசிரியர் கொடுத்த பட்டியலை மறுகேள்வி இல்லாமல் எடுத்துக்கொள்வார்கள். அது மரியாதை இல்லை, சோம்பல். கேட்கக் கற்றுக்கொண்டதால்தான் எங்கள் தலைமுறை இங்கே காலூன்றியது. நாங்கள் வந்த காலத்தில் "பி57" என்று மட்டும் சொல்லும் இரண்டு இலக்க டைப்பிங்கிலேயே காலம் ஓடியது. இப்போது "பி*57:01" என்பதுபோல் நான்கு இலக்கம் இல்லாமல் தொடங்கவே கூடாது. பி*35:02, பி*35:03 உள்ளவர்களுக்கு நோய் வேகமாக முற்றும், பி*35:01 அப்படியில்லை. மூன்றையும் "பி35" என்று ஒரே பெட்டியில் போட்டால் முடிவே குழம்பிவிடும். பி*57:01, பி*57:03 இரண்டும் பாதுகாப்பவைதான், 114, 116ஆம் அமினோ அமில இடங்களில் மட்டும் வேறுபடுபவை. அந்தச் சின்ன வேறுபாட்டுக்கே, வைரஸின் காக் என்ற புரதத்தின் ஒரே துண்டை அடையாளம் காணும் டி செல் ஏற்பிகள் மாறிவிடுகின்றன. பெப்டைடு, அதாவது புரதத் துண்டு, உட்காரும் பள்ளத்தில் ஓர் அமினோ அமிலம் எவ்வளவு செய்யும் என்பதற்கு 2010இல் வந்த பெரிய மரபணு ஆய்வையும் பாருங்கள்: ஹெச்எல்ஏ-பியின் 97ஆம் இடம்தான் அதில் முன்னால் நின்றது.

அடுத்தது வைரஸ். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். காக் 240 முதல் 249 வரையுள்ள துண்டை பி57 டி செல்கள் தாக்கும்போது, வைரஸ் 242ஆம் இடத்தில் திரியோனினை அஸ்பராஜினாக மாற்றித் தப்பிக்கும். ஆனால் அதன் பெருகும் திறன் குறையும்; பி57 இல்லாத ஒருவருக்குத் தொற்றினால் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். 219, 223, 228ஆம் இடங்களில் ஈடுகட்டும் மாற்றங்கள் சேர்ந்தால் இழந்த திறனில் ஒரு பகுதி மீளும். ஆகவே பி57 இருந்தும் வைரஸ் அளவு ஏறினால் டி செல்லைக் குறை சொல்லாதீர்கள், அந்த நோயாளியின் காக் வரிசையைப் படியுங்கள். பொது வரிசைப் பெப்டைடு மட்டும் போட்டால், மாறிய வைரஸை அந்த டி செல்கள் காண்கின்றனவா என்பது தெரியாமலே போய்விடும்.

எலிஸ்பாட் என்பது பெப்டைடு பட்டு இன்டர்ஃபெரான்-காமா சுரக்கும் செல்களைப் புள்ளிகளாக எண்ணும் சோதனை. அதில் உறைநிலை செல்களை எடுத்தவுடன் தட்டில் போடாதீர்கள். ஓர் இரவு 37 டிகிரியில் ஓய்வு கொடுத்து, உயிருள்ளவற்றை எண்ணி, குழிக்கு ஒன்று முதல் இரண்டு லட்சம் போடுங்கள். பெப்டைடு இல்லாத குழிகளும், டி செல்களைப் பொதுவாகத் தூண்டும் பிஹெச்ஏ போட்ட குழியும் கட்டாயம். 18 அமினோ அமிலப் பெப்டைடில் புள்ளி வந்தால், 9 முதல் 11 நீளமுள்ள சரியான துண்டை வைத்து உறுதி செய்யுங்கள். குறிப்பிட்ட பெப்டைடை அறியும் டி செல்களில் ஒட்டி அவற்றைக் காட்டிக்கொடுப்பது டெட்ராமர். அதற்கு முன் டசாட்டினிப் என்ற மருந்தை 50 நானோமோலார் அளவில் அரை மணி நேரம் கொடுத்தால் டி செல் ஏற்பி உள்ளே போகாது. டெட்ராமர் முதலில், ஆன்டிபாடிகள் பிறகு.

புள்ளி எண்ணிக்கையை வைத்து மட்டும் "நல்ல கட்டுப்பாடு" என்று எழுதிவிடாதீர்கள். இன்டர்ஃபெரான்-காமா சுரக்கும் செல்கள் வைரஸைக் கட்டுப்படுத்த முடியாதவர்களிடமும் ஏராளம். டி செல்கள் பெருகும் திறனும், தொற்றிய செல்லைத் துளைக்கும் பெர்ஃபோரின் புரதமும்தான் வித்தியாசம் காட்டுபவை என்று 2002இலேயே வந்துவிட்டது. மருந்து எடுப்பவரின் மாதிரியில் வைரஸ் அளவு குறைந்திருப்பது மருந்தால். அவர் தானாகவே கட்டுப்படுத்துபவரா என்பதற்கு மருந்துக்கு முந்தைய அளவு வேண்டும்.

கடைசியாக, மருத்துவமனைக் கோப்பில் "பி57 இல்லை" என்றிருந்தால் நம்ப வேண்டாம். அபாகாவிர் என்ற ஹெச்ஐவி மருந்தின் ஒவ்வாமைக்காகச் செய்யும் பரிசோதனை தேடுவது பி*57:01 ஒன்றைத்தான். பி*57:03 உள்ளவர் அதில் இல்லை என்றே பதிவாகி, உங்கள் ஒப்பீட்டுக் குழுவுக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார்.