தங்கூசி முடிச்சு

அன்புள்ள ஐயா,

என் மகன் ஆறாம் வகுப்பில் படிக்கிறான். பாடசாலைப் பொது அறிவுப் போட்டிக்காக ஒரு வினாவிடைப் புத்தகத்தை முழுவதும் பாடமாக்கினான். ஜிப்பைக் கண்டுபிடித்தவர், வெலிகமவில் கடலில் நட்ட கம்பில் உட்கார்ந்து மீன் பிடிப்பவர்கள் என்று 300 கேள்விகள். மணிக்கூட்டை வைத்து நானே கேட்பேன். நைலோன் என்ற பெயர், நியூயோர்க், லண்டன் இரண்டும் சேர்ந்து வந்தது என்று புத்தகத்தில் இருந்தபடியே எழுதினான். பிழை என்று புள்ளியைக் குறைத்துவிட்டார்கள். பிள்ளை அழுதுகொண்டு வந்தான். எந்தப் புத்தகத்தை நம்பி வாங்கலாம்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தந்தை

அன்புள்ள தம்பி,

முதலில் பிள்ளையைக் கூப்பிட்டு, அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லுங்கள். அச்சில் இருந்ததை நம்பினான், அவ்வளவுதான். அந்தப் பெயரில் நியூயோர்க்கும் இல்லை, லண்டனும் இல்லை. கொட்டன், ரேயோன் என்று மற்ற இழைப் பெயர்களின் கடைசியில் வரும் ஓசையை எடுத்துக்கொண்டார்கள். முன்னால் உள்ள எழுத்துகளுக்குத் தனிப் பொருள் கிடையாது என்று அதைச் செய்த டூபொன்ட் கம்பனியே சொல்லியிருக்கிறது.

ஜிப், கம்பு மீன்பிடி இரண்டையும் விடுகிறேன். தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைக்கும்.

நைலோனை என்னால் அப்படி விட முடியவில்லை. கொஞ்ச நாளாக அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். காலையில் பல் தீட்டும்போது பிரஷ்ஷின் மயிரைக் கட்டைவிரலால் வளைத்துப் பார்த்தேன். உடனே என் மாமாவின் தூண்டில் நினைவுக்கு வந்தது.

வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் கருங்கற்களில்தான் மாமா உட்காருவார். பால்மா டின் ஒன்றில் தங்கூசியை, அதாவது நைலோன் தூண்டில் நூலை, சுற்றி வைத்திருப்பார். முள்ளைக் கோத்து முடிச்சுப் போட்டதும் உடனே இறுக்க மாட்டார். வாயில் வைத்து எச்சிலால் நனைத்து, பிறகுதான் மெல்ல இழுப்பார். "காய்ஞ்சபடி இழுத்தா சுடும், சுட்டா அறும்" என்பார். அது அருவருப்பான பழக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன். காய்ந்த நைலோன் உரசும்போது சூடேறி, முடிச்சு இருக்கும் இடத்தில் பலம் குறைந்துபோகிறது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். மாமாவுக்கு அது விரலிலேயே தெரிந்திருந்தது.

அந்தத் தங்கூசியும் உங்கள் வீட்டுப் பிரஷ்ஷும் கூடப்பிறந்தவை, தம்பி. அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் 1935இல் நைலோன் உருவானது. 1938இல் அது முதலில் கடைக்கு வந்தது பிரஷ்ஷின் மயிராகத்தான். அதுவரை பன்றி மயிரைத்தான் வைத்தார்கள். அடுத்த வருடமே தூண்டில் நூலாகவும் வந்தது. பெண்களின் காலுறை, போர்க்காலப் பரசூட் எல்லாம் அப்புறம்தான். பருத்தி நூல் கடல் தண்ணீரில் உக்கிப்போகும். வலையை அடிக்கடி காயவைக்கவேண்டும், மரப்பட்டைச் சாயத்தில் ஊறவைக்கவேண்டும். நைலோன் உக்காது. உக்காததே பிறகு தொல்லையாகிவிட்டது. தங்கூசி வலைக்கு இலங்கையில் தடை இருக்கிறது. கரோதர்ஸ் இதில் ஒன்றையும் பார்க்கவில்லை. 1937இல், 41 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

பிரஷ் வந்தால் பற்பசையும் வரும்தானே? மாமா எந்தப் பற்பசையையும் பினாக்கா என்றுதான் சொல்வார். அந்தப் பெயரில் 1952இல் தொடங்கிய ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி இந்தியா முழுவதும் கேட்டது நம் கொழும்பு வானொலியிலிருந்து. அதன் அறிவிப்பாளர் அமீன் சயானி மும்பையில் பேசிப் பதிவு செய்த நாடா விமானத்தில் இங்கே வரும். அந்த நாட்களில் இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்திருந்தது. ஹிந்தியில் ஒரு சொல்கூடத் தெரியாத மாமா அந்தப் பாட்டுகளை முணுமுணுத்துக்கொண்டு தூண்டில் போடுவார்.

பிரஷ், தூண்டில், வானொலி. உங்கள் புத்தகத்தில் இவை மூன்றும் மூன்று பக்கத்தில் இருக்கும், ஒன்றுக்கு மற்றது யாரென்றே தெரியாமல். அதை மணிக்கூடு வைத்து ஒரு பிள்ளையிடம் கேட்பது விசர் வேலை. கோபிக்காதீர்கள், சொல்லத்தான் வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளை "ஏன்?" என்று கேட்க ஒரு நொடி நின்றால் உங்கள் மணிக்கூட்டில் அது தாமதம். பெயர் எப்படி வந்தது என்பதை ஒப்பித்தான், சரி. அந்தச் சாமானைக் கையில் எடுத்து நீங்கள் காட்டினீர்களா? பழைய பிரஷ் ஒன்று வீட்டில் இல்லையா? தங்கூசி என்ன விலை, ஒரு சுருள் வாங்க முடியாதா?

கடல் உங்களுக்கு நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். பாதையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். முடிச்சை நனைத்து இறுக்க அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். அறுந்த துண்டை மட்டும் கல்லில் விட்டுவிட்டு வராதீர்கள், காகத்தின் காலில் சுற்றிக்கொள்ளும். சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.