அமெரிக்காவில் பெற்றோரின் வேலையும் பிள்ளைகளின் மருத்துவக் காப்பீடும்: கேள்வி பதில்

கேள்வி: நான் தனியாக மகனை வளர்க்கிறேன். வாரம் 25 மணி நேரம் வேலை. நிறுவனம் காப்பீடு தருவதில்லை. மகனுக்கு என்ன வழி?

பதில்: குறைந்தது 50 முழுநேர ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள், வாரம் 30 மணி நேரமாவது வேலை பார்ப்பவர்களுக்கும் அவர்களுடைய 26 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் காப்பீடு வழங்க முன்வர வேண்டும், இல்லையேல் அபராதம் கட்ட நேரிடும் என்கிறது 2010-ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் 25 மணி நேரம் அந்த வரம்பை எட்டவில்லை. இருவர் சம்பாதிக்கும் வீட்டில் ஒருவருடைய வேலையில் கிடைக்காதது மற்றவருடைய வேலையில் கிடைக்கக்கூடும். உங்களுக்கு அந்த மாற்று வழி இல்லை என்பதால், குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரப்படும் மெடிக்கெய்டு, சிப் ஆகிய அரசுத் திட்டங்களுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். ஆண்டு முழுவதும் விண்ணப்பம் ஏற்கப்படும். பிள்ளைகளுக்கான வருமான வரம்பு பெரும்பாலும் தளர்வானது. எனவே உங்களுக்குத் தகுதி இல்லை என்று சொல்லப்பட்டாலும் மகனுக்குக் கிடைக்கலாம். பெற்றோர் பலர் தங்களுக்கு வந்த மறுப்பையே பிள்ளைக்கும் பொருத்திக்கொண்டு விண்ணப்பிக்காமல் விட்டுவிடுவது மிகவும் வருந்தத்தக்கது. 2024 ஜனவரி முதல், 19 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கிடைத்த தகுதி, இடையில் உங்கள் வருமானம் கூடினாலும், பொதுவாக 12 மாதங்கள் நீடிக்கும்.

கேள்வி: விவாகரத்து ஆகிவிட்டது. மகள் தன்னுடன் வசிக்காததால் தன் நிறுவனக் காப்பீட்டில் சேர்க்க முடியாது என்கிறார் அவளுடைய தந்தை. இது சரியா?

பதில்: சரியல்ல. பிள்ளை உடன் வசிக்கவில்லை, வரிக் கணக்கில் காட்டப்படவில்லை, பெற்றோர் மணமாகாதவர்கள் என்ற காரணங்களால் சேர்க்க மறுக்கக்கூடாது என்று 1993-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. தந்தை தயங்கினால், குழந்தை மருத்துவக் காப்பீட்டுக்கான நீதிமன்ற ஆணையைப் பெற்று நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அது உரிய வடிவில் இருந்தால், அவருடைய ஒப்புதலுக்காகக் காத்திராமல் சேர்த்தாக வேண்டும்.

கேள்வி: மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளையை என் காப்பீட்டில் சேர்க்கலாமா?

பதில்: 2010 சட்டத்தின் கட்டாயம், துணைவரின் முந்தைய உறவில் பிறந்த பிள்ளைகளுக்குப் பொருந்தாது. பல நிறுவனங்கள் தாமாகவே சேர்த்துக்கொள்கின்றன. திட்ட ஆவணத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் இருவருக்கும் காப்பீடு உண்டு, பிள்ளை இரண்டிலும் இருக்கிறான். எது முதலில் பணம் தரும்?

பதில்: சேர்ந்து வாழும் பெற்றோர் எனில், ஆண்டில் யாருடைய பிறந்தநாள் முதலில் வருகிறதோ அவருடைய காப்பீடே முதலில் தரும். மார்ச்சில் பிறந்த தாயின் திட்டம், ஆகஸ்டில் பிறந்த தந்தையின் திட்டத்துக்கு முந்தியது. வயது கணக்கில் வராது.

கேள்வி: வேலை போய்விட்டது. பிள்ளைகளின் சிகிச்சை நடுவில் நிற்கிறது.

பதில்: 20 பேருக்குக் குறையாத நிறுவனமாயின், கோப்ரா சட்டப்படி பழைய காப்பீட்டையே 18 மாதங்கள் வரை தொடரலாம். ஆனால் நிறுவனத்தின் பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தையும், அதற்கு மேல் 2 சதவீதம் வரையும் நீங்களே கட்ட வேண்டும். முடிவு சொல்ல 60 நாள் அவகாசம் உண்டு. குடும்பம் முழுவதும் தொடர வேண்டும் என்பதில்லை. சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் கோப்ராவைத் தேர்ந்து, மற்றவர்களுக்கு மெடிக்கெய்டோ, 2010 சட்டப்படி அமைந்த காப்பீட்டுச் சந்தையில் தனியாக வாங்கும் காப்பீடோ பெறலாம்.