பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. ஆறு வாரங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கை வரவில்லை, வாய் லேசாகக் கோணியிருக்கிறது. ஆனால் நடக்கிறார். நாங்கள் சொல்வது புரிகிறது, தலையாட்டுகிறார். பேச்சுதான் வரவில்லை. 'தண்ணி' என்று சொல்லக்கூடத் திணறுகிறார். ஆச்சரியம் என்னவென்றால், 'ஒன்று' என்று நான் ஆரம்பித்துக் கொடுத்தால் பத்துவரை தானே எண்ணுகிறார். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'இடது ஃப்ரான்டல் கார்டெக்ஸில் இன்ஃபார்க்ட்' என்று போட்டிருக்கிறது. கார்டெக்ஸ் என்றால் என்ன? அவருக்குப் புத்தி மங்கிவிட்டதா? பேச்சு திரும்புமா?

பதில்: உங்களை அதிகம் வாட்டும் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அப்பாவின் புத்தி மங்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது. அதைச் சொல்லாக்கி வாய்க்குக் கொண்டுவரும் இடம்தான் அடிபட்டிருக்கிறது.

கார்டெக்ஸ் என்றால் லத்தீனில் மரப்பட்டை. தமிழில் பெருமூளைப் புறணி என்கிறோம். மூளையைப் போர்த்தியிருக்கும் இந்தச் சாம்பல் நிறப் படலம் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்குள் சுமார் 1,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. விரித்தால் ஏறக்குறைய 2,000 சதுர சென்டிமீட்டர் வரும். அவ்வளவையும் மண்டைக்குள் அடக்கத்தான் மூளை அப்படி மடிப்பு மடிப்பாக இருக்கிறது. பின்தலைப் பக்கம் இருக்கும் புறணி பார்வைக்கு, காதை ஒட்டிய பகுதி கேட்பதற்கு, உச்சிக்குப் பின்னால் தொடு உணர்வுக்கு. முன்பகுதி, அதாவது ரிப்போர்ட்டில் 'ஃப்ரான்டல்' என்று இருப்பது, திட்டமிடவும் உடலை அசைக்கவும்.

அந்த அசைக்கும் பட்டையில் உடலே தலைகீழாக வரையப்பட்டதுபோல் இருக்கிறது. கால் மேலே, மூளையின் இரண்டு பாதிகளுக்கு நடுவே உள்மடிந்த இடத்தில். கை பக்கவாட்டில், முகம் அதற்கும் கீழே. முகத்துக்கான இடத்துக்குச் சற்று முன்னால், பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கத்தில், பேச்சை உருவாக்கும் பகுதி இருக்கிறது. கை, முகம், பேச்சு மூன்றுக்கும் ரத்தம் தருவது மூளையின் நடுத்தமனி. காலுக்கான இடத்துக்கோ வேறொரு தமனி. அப்பா நடக்கிறார், ஆனால் கையும் பேச்சும் வரவில்லை என்றால், அடைப்பு அந்த நடுத்தமனியில் அல்லது அதன் கிளையில் ஏற்பட்டிருக்க வேண்டும். இன்ஃபார்க்ட் என்றால் ரத்தம் போகாமல் செத்துப்போன திசு. இடது மூளையிலிருந்து இறங்கும் நரம்புகளில் பெரும்பாலானவை மறுபக்கம் தாண்டுவதால் வலது கை பாதிக்கப்படுகிறது.

1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த ஒரு நோயாளி, எதைக் கேட்டாலும் 'டான்' என்று மட்டுமே சொல்வார். ஆனால் கேட்பது புரியும், சைகையில் பதில் தருவார். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது முன்பகுதியில் காயம் இருந்தது. அந்த இடத்துக்கு இன்றும் புரோக்கா பகுதி என்றுதான் பெயர்.

சரி, எண்ணுவது மட்டும் எப்படி வருகிறது? மனப்பாடமாகப் பதிந்த தொடர்களுக்கு ஒவ்வொரு சொல்லையும் புதிதாகத் தேடிக் கோக்க வேண்டியதில்லை. அங்கே மூளையின் வலது பாதியும் கைகொடுக்கிறது என்று கருதுகிறோம். பாட்டும் அப்படித்தான். தெரிந்த பாட்டை முனகிப் பாருங்கள், அவரும் சேர்ந்துகொள்ளலாம்.

செத்த அணுக்கள் திரும்பி வராது. ஆனால் சுற்றியுள்ள பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அப்புறம் மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது. முழுவதும் திரும்புமா என்று இப்போதே யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆறு வாரம் ஆகிவிட்டது, பேச்சுப் பயிற்சியாளரிடம் இன்னும் காட்டவில்லை என்றால் இந்த வாரமே காட்டுங்கள்.

வீட்டில் டிவியை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். "சாப்பிட என்ன வேண்டும்?" என்று கேட்காமல், "பால் வேண்டுமா?" என்று ஒன்றை மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு மனசுக்குள் பத்துவரை எண்ணிக் காத்திருங்கள். அவர் சொல்ல வந்ததை நீங்கள் முந்திக்கொண்டு முடிக்காதீர்கள். காது கேட்கிறது, கத்த வேண்டாம். "பேச வராவிட்டால் எழுதிக் காட்டுங்கள்" என்று பலர் சொல்வார்கள். எழுத்துக்கும் அதே சொற்கள்தான் வேண்டும், அதனால் அதுவும் வராமல் அவர் இன்னும் நொந்துபோவார். படங்களைக் காட்டித் தொடச் சொல்லுங்கள். தயவுசெய்து அவர் பக்கத்தில் இருக்கும்போதே, அவர் இல்லாததுபோல் அவரைப் பற்றிப் பேசாதீர்கள். எல்லாம் அவர் காதில் விழுகிறது. அழுதுகொண்டே இருந்தாலோ சாப்பிட மறுத்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு சகஜம், அதற்குச் சிகிச்சை உண்டு.

மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக் கூடாது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கட்டும், இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை இருக்கிறதா என்றும் கேளுங்கள். மறுபடி முகம் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ, இருக்கும் பேச்சும் குழறினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், எல்லோருக்கும் அது பொருந்தாது. அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.