ஞாயிற்றுக்கிழமை இன்ட்ரோவர்ட், திங்கட்கிழமை எக்ஸ்ட்ரோவர்ட்: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு 26 வயது. ஊர் செங்கோட்டைப் பக்கம். பி.காம் முடித்துவிட்டு பாவூர்சத்திரத்தில் அப்பாவின் காய்கறி கமிஷன் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். புனலூர், கொல்லம் வியாபாரிகளோடு நாள் முழுக்க மலையாளத்தில் போன்தான். கொல்லத்தில் ஒரு கம்பெனி மார்க்கெட்டிங் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. விண்ணப்பத்தில் ‘உங்கள் பர்சனாலிட்டி டைப்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. நெட்டில் இலவசமாக ஒரு டெஸ்ட் எழுதினேன், வீட்டில் எழுதியபோது ஐ.என்.எஃப்.ஜே (INFJ) என்று நான்கு எழுத்து வந்தது. ஓணத்துக்கு முந்தின வாரம் கடையில் உட்கார்ந்து எழுதினால் இ.என்.டி.ஜே (ENTJ). இதில் எது நான்? இன்ட்ரோவர்ட், அதாவது தனிமையை நாடுகிற ஆள் என்றால் மார்க்கெட்டிங் சரிப்படாது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, இரண்டுமே நீங்கள்தான், ஆனால் அந்த நான்கு எழுத்தில் எதையும் உங்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த எழுத்துகள் எப்படி வருகின்றன என்று பாருங்கள். டெஸ்ட் உங்களுக்கு நான்கு அளவுகோல்களில் மதிப்பெண் போடுகிறது. தனிமையா கூட்டமா என்பது ஒன்று, மனசு பார்த்து முடிவெடுப்பீர்களா கணக்குப் பார்த்தா என்பது இன்னொன்று, இப்படி. அப்புறம் ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டி, உதாரணமாக இந்தப் பக்கம் ஐ (இன்ட்ரோவர்ட், தனிமை), அந்தப் பக்கம் இ (எக்ஸ்ட்ரோவர்ட், கூட்டம்) என்று எழுத்தாக்கிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால் மனிதர்கள் அப்படி இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்பதில்லை. முழு அமைதியும் முழு ஆரவாரமும் சிலரே. பெரும்பாலோர் நடுவையொட்டித்தான் இருக்கிறார்கள். 48 வாங்கியவர் ஐ, 52 வாங்கியவர் இ. அந்த இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆட்கள், ஆனால் காகிதத்தில் எதிரெதிர் ஜாதி. நடுவில் நிற்பவர் அன்றைக்குத் தூக்கம் குறைந்திருந்தாலோ ஒரு கேள்வியை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாலோ கோட்டைத் தாண்டிவிடுவார். உங்களுக்கு மாறியது முதல் எழுத்தும் மூன்றாவது எழுத்தும் மட்டும். அந்த இரண்டு அளவுகோலிலும் நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள் என்று அர்த்தமாக இருக்கலாம். மதிப்பெண்ணை எனக்கு அனுப்பாமல் எழுத்தை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். இனிமேல் எந்த டெஸ்ட் எழுதினாலும் சதவீதத்தைத்தான் முதலில் பாருங்கள்.

இந்த எழுத்து முறையின் பூர்வீகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-ல் மனித வகைகள் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதைப் படித்து, அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் 1940-களில் கேள்வித்தாளாக்கினார்கள். இருவருமே உளவியல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இல்லை (அதனாலேயே தப்பு என்று சொல்லவில்லை, கூர்மையான பெண்கள்தான்). அதுதான் எம்.பி.டி.ஐ. அசலுக்குக் காசு கட்ட வேண்டும். நீங்கள் இலவசமாக எழுதியது பெரும்பாலும் அந்த எழுத்துகளை மட்டும் கடன் வாங்கிய வேறொரு டெஸ்டாக இருக்கும்.

‘ஆனா சார், படிச்சா அப்படியே என்னை எழுதின மாதிரி இருக்கே’ என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். இருக்கும். 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஒரு டெஸ்ட் வைத்தார், பிறகு ஒவ்வொருவருக்கும் ‘உனக்கான முடிவு’ என்று ஒரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26. தாள் எல்லாருக்கும் ஒன்றேதான்! வரிகளை அவர் எடுத்தது கடையில் விற்கிற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து. ‘வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளே சில நேரம் கவலைப்படுவீர்கள்’ என்று எழுதினால் யார் இல்லை என்பார்கள்? ஆகவே டெஸ்ட் முடிவைப் படிக்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்கு வந்த வகையை விட்டுவிட்டு, வேறு ஏதாவது ஒரு வகையின் விளக்கத்தை உங்கள் நண்பனிடம் கொடுத்து ‘இது நீதானாம்’ என்று சொல்லிப் பாருங்கள். எந்த வரிக்கு அவன் ‘சேச்சே, இது நான் இல்லை’ என்கிறானோ அந்த வரியில்தான் ஏதோ சரக்கு இருக்கிறது.

சரி, அப்படியானால் தன்னைத் தானே அளந்து பார்ப்பதே வீணா? இல்லை. கருவியை மாற்றுங்கள், எழுதுகிற விதத்தையும் மாற்றுங்கள்.

உளவியல் ஆய்வுகளில் அதிகம் புழங்குவது ‘பிக் ஃபைவ்’ எனப்படும் ஐந்து பண்புகள். புதியதை நாடும் மனம், ஒழுங்கும் பொறுப்பும், கலகலப்பு, இணங்கிப்போகும் குணம், எளிதில் கலங்கும் தன்மை. இதில் வகையே கிடையாது, ஐந்து அளவுகள் மட்டும்தான், ஒவ்வொன்றிலும் கூடக்குறைய எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் பதில். இதற்கான கேள்விகளை லூயிஸ் கோல்ட்பர்க் என்ற ஆய்வாளர் யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டிருக்கிறார், ஐ.பி.ஐ.பி (IPIP) என்று தேடினால் கிடைக்கும். 120 கேள்வி உள்ளதை எழுதுங்கள். பத்துக் கேள்வியில் முடிகிற சின்ன டெஸ்டும் இருக்கிறது, ஆய்வாளர்கள் அவசரத்துக்கு வைத்துக்கொண்டது, நீங்கள் அதில் வாழ்க்கையை முடிவு செய்யாதீர்கள்.

எழுதும்போது ஓணத்துக்கு முந்தின வாரம் எழுதாதீர்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்த வாரம் பாவூர்சத்திரத்தில் யாருக்கு மூச்சுவிட நேரம் இருக்கும்? லோடு ஏற்றி, கேரள எல்லையில் புளியரை செக்போஸ்டில் வண்டி நிற்கிறது என்று டிரைவர் போன் பண்ணி, பாக்கி வைத்தவனிடம் கறாராகப் பேசி முடித்த கையோடு ‘நீங்கள் சட்டென்று முடிவெடுப்பவரா’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் கை போகும். அது உங்கள் குணம் இல்லை, அந்த வாரத்தின் குணம். ஒரு சாதாரண நாளில், சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு எழுதுங்கள். நேற்றை நினைக்காமல், கடந்த ஒன்றிரண்டு வருஷமாகப் பொதுவாக எப்படி இருக்கிறேன் என்று நினைத்துப் பதில் சொல்லுங்கள். யாரோடு ஒப்பிடுவது என்பதும் முக்கியம்: உங்கள் வயது ஆட்களோடு. மண்டியில் முப்பது வருஷம் ஏலம் கூவியவரோடு ஒப்பிட்டால் நம்மில் பாதிப் பேர் ஊமைதான்.

கடைக்கும் வீட்டுக்கும் நீங்கள் வேறு ஆளாக இருக்கிறீர்கள் என்பது எனக்கு ஆச்சரியமே இல்லை. கடையில் மலையாளம், வீட்டில் தமிழ் வேறு. ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசுகிறவர்களை வைத்து 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அதே ஆட்கள் ஆங்கிலத்தில் பதில் சொன்னபோது கலகலப்பும் பொறுப்பும் கொஞ்சம் கூடித் தெரிந்தன. தமிழுக்கும் மலையாளத்துக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு தாண்டியதும் குரல் உயர்கிற ஆட்களை இந்தப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் டெஸ்டை இரண்டு முறை எழுதுங்கள், ஒரு முறை ‘வேலையில் நான்’ என்று நினைத்து, இன்னொரு முறை ‘வீட்டில் நான்’ என்று நினைத்து. இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கிற பண்பு உங்களோடு எங்கேயும் வரும். மாறுகிற பண்பு சூழ்நிலைக்கு வளைகிறது. அந்தப் பண்பை வைத்து எந்த வேலையையும் ஒதுக்காதீர்கள்.

அடுத்து, நீங்கள் மட்டும் எழுதினால் போதாது. சிமின் வாசிரே என்ற உளவியலாளர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சுவாரசியமான விஷயம் வந்தது: உள்ளுக்குள் எவ்வளவு பதறுகிறோம் என்பது நமக்குத்தான் நன்றாகத் தெரியும், ஆனால் அறிவு, படைப்புத்திறன் மாதிரி பெருமை சிறுமை ஒட்டிய விஷயங்களில் நம் நண்பர்கள் நம்மைவிடச் சரியாகச் சொல்கிறார்கள். ஆகவே அதே கேள்விகளை உங்களைப் பற்றி இரண்டு பேரை எழுதச் சொல்லுங்கள். ஒருவர் வீட்டு ஆள், அக்கா இருந்தால் அக்கா, அவர்கள் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டார்கள். இன்னொருவர் கடையில் கூட நிற்பவர், ஆனால் உங்களிடம் சம்பளம் வாங்குபவர் வேண்டாம். அம்மாவிடம் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. எங்கே உங்கள் பதிலும் அவர்கள் பதிலும் ரொம்ப விலகுகிறதோ அங்கே சண்டை போடாமல் ‘எதை வைத்துச் சொல்கிறீர்கள், ஒரு சம்பவம் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அந்தச் சம்பவங்கள் டெஸ்டைவிட உபயோகமானவை.

கலங்கும் தன்மை அதிகமாக வந்தால் பயப்படாதீர்கள், அது நோய்ப் பெயர் இல்லை, வயது ஏற ஏற பலருக்கும் அது குறையவும் செய்கிறது. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது டெஸ்ட் எழுதிக் கண்டுபிடிக்கிற சமாச்சாரம் இல்லை, 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிட்டுப் பேசுங்கள், காசு கிடையாது.

இப்போது கொல்லம் வேலை. வீட்டில் சொல்வது தப்பு. ஆடம் கிரான்ட் என்ற ஆய்வாளர் போனில் விற்பனை செய்கிற 340 பேரை வைத்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில் அதிகம் விற்றவர்கள் கலகலப்பில் நடுவில் இருந்தவர்கள்தான், ரொம்ப வாயாடிகளும் இல்லை, ரொம்ப அமைதியானவர்களும் இல்லை. ஒரே ஆய்வுதான், வேதவாக்காக எடுக்க வேண்டாம். இதைவிட உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு: பல ஆய்வுகளைத் தொகுத்து பாரிக், மவுன்ட் இருவரும் 1991-லேயே காட்டினார்கள், எந்த வகை வேலையானாலும் ஐந்தில் அதிகம் கைகொடுப்பது ஒழுங்கும் பொறுப்பும்தான் என்று. அதிலும்கூட அது வேலைத்திறனின் ஒரு பகுதியைத்தான் சொல்லும். ஆக நீங்கள் ‘ஐ’ எழுத்தா ‘இ’ எழுத்தா என்று குழம்புகிற நேரத்தில், மாசக் கடைசியில் கணக்கை ஒழுங்காக முடிக்கிறவரா, சொன்ன நேரத்துக்கு லோடு அனுப்புகிறவரா என்று பாருங்கள்.

விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? எம்.பி.டி.ஐ-யைப் பரப்புகிற அமைப்பே, ஆள் எடுக்க இதைப் பயன்படுத்துவது முறையில்லை என்கிறது. கேட்கிற கம்பெனிக்கு அது தெரியாமல் இருக்கலாம். கட்டத்தை வெறுமையாக விட முடிந்தால் விடுங்கள். முடியாதென்றால் வந்த எழுத்தில் ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டு, நேர்முகத்தில் கேட்டால் ‘ரெண்டு தரம் எழுதினேன், ரெண்டு விதமா வந்தது, நடுவில இருக்கேன் போல’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். பொய்யாக ஒரு வகையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போகாதீர்கள், அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

நீங்கள் அவர்களிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. ஒரு நாளில் எத்தனை பேரைப் புதிதாகப் பார்க்க வேண்டும், எத்தனை பேர் பழைய வாடிக்கையாளர்கள், மாத இலக்கு எவ்வளவு, இலக்குக்குக் குறைந்தால் என்ன செய்வார்கள், வெளியூர்ப் பயணம் எத்தனை நாள். உங்கள் கடையில் நீங்கள் பேசுவதெல்லாம் அப்பா காலத்திலிருந்து தெரிந்த வியாபாரிகளோடு. முன்பின் தெரியாதவர் கடைக்குள் ஏறி ‘ஒரு அஞ்சு நிமிஷம்’ என்று ஆரம்பிப்பது உங்களுக்குப் பழக்கமில்லாத வேலை, அதை எந்த டெஸ்டும் சொல்லாது. முடிந்தால் அந்தக் கம்பெனியின் ஆள் ஒருவரோடு ஒரு முழு நாள் லைனுக்கு, அதாவது கடை கடையாகச் சுற்றப் போய்விட்டு வந்து, அன்று ராத்திரி எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.