கிளாஸ்கோ எம்பயரின் இரண்டாம் காட்சி: கேள்வி பதில்

கேள்வி: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இருந்த எம்பயர் பல்சுவை அரங்கை ஆங்கிலேய நகைச்சுவையாளர்களின் இடுகாடு என்று ஏன் அழைத்தார்கள்?

பதில்: சாக்கிஹால் தெருவில் 1897இல் திறக்கப்பட்ட அந்த அரங்கில் மாலைதோறும் இரண்டு காட்சிகள் நடக்கும். வெள்ளிக்கிழமை இரண்டாம் காட்சிக்கு, வாரக்கூலி வாங்கிய கையோடு மதுக்கடைக்குப் போய்விட்டு வருபவர்களே மிகுதி. அவர்கள் முன்னால், நடனக்குழு இறங்கியதும், பெயர் தெரியாத ஓர் இளைஞர் லண்டன் உச்சரிப்பில் பேசத் தொடங்குவார். வாரம் ஓர் ஊர் என்று சுற்றியதால் பத்து நிமிடப் பேச்சு ஒன்றை ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பழகியவர் அவர். அது எடுபடாவிட்டால் எடுத்துவிட மாற்றுச் சரக்கு இருக்காது. கூச்சலுக்காவது எதிர்ப்பேச்சுப் பேசலாம். பலரை வீழ்த்தியது மௌனம்தான். ஆங்கிலேய நகைச்சுவை இரட்டையர்களான மோர்கம்பும் வைஸும் அத்தகைய மௌனத்தினூடே மேடையை விட்டு இறங்கியபோது, ஓரத்தில் நின்ற தீயணைப்பு ஊழியர், அவர்களைக் கூட்டத்துக்குப் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்றாராம்.

கேள்வி: ஆங்கிலேய நகைச்சுவையாளர் டெஸ் ஓ'கானர் அங்கே மயங்கி விழுந்தது உண்மையா?

பதில்: விழுந்தார் என்பது அவரே சொல்லிவந்த கதை. தப்பிக்க மயங்கியதுபோல் நடித்தார் என்றும் சொல்வதுண்டு. ஒன்றை எச்சரித்துவிடுகிறேன்: மேடைக்குப் பின்னால் பிறந்த கதைகள் ஆளையும் ஊரையும் மாற்றிக்கொண்டே பயணம் செய்பவை, அவற்றைச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

கேள்வி: பொருள்களை வீசி எறிந்தார்களா?

பதில்: அது முந்தைய தலைமுறையின் வழக்கம். கிளாஸ்கோவின் டிரான்கேட்டில் உள்ள பிரிட்டானியா அரங்கை அதற்குச் சொல்லலாம். 1906இல், பின்னாளில் லாரல்-ஹார்டி இணையால் புகழ்பெற்ற ஸ்டான் லாரல் பதினாறு வயதில் முதன்முதலாக மேடையேறியது அங்கேதான்.

கேள்வி: சுற்றி வளைப்பானேன்? ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ஆங்கிலேயர் மீதிருந்த வெறுப்புதானே காரணம்?

பதில்: அந்த உணர்வே இல்லை என்று நான் சொல்லவில்லை, ஆனால் அதுவே முழுக் காரணம் என்றால், இங்கிலாந்திலேயே இருக்கும் சண்டர்லண்ட் எம்பயருக்கும் அதே கெட்ட பெயர் எப்படி வந்தது? கிளாஸ்கோவைப் போலவே கப்பல் கட்டும் தொழிலாளர் நிறைந்திருந்த ஊர் அது.

கேள்வி: ஓ'கானர் மயங்கினாரா, நடித்தாரா?

பதில்: மேலே எழுதிவிட்டேன்.

கேள்வி: (வெறுப்பு என்று வாதிட்ட அதே நண்பர்) அப்படியானால் ஆங்கிலேய நகைச்சுவையாளர் மாக்ஸ் மில்லர் ஏன் கிளாஸ்கோ பக்கமே போகத் தயங்கினார்?

பதில்: மில்லர் பிரைட்டன்காரர். காட்சி முடிந்ததும் வீடு திரும்ப விரும்பியவர் என்பதால் லண்டனையும் தென்பகுதியையும் பெரும்பாலும் தாண்டவில்லை. அவருடைய பேச்சின் சுவையும் அந்த வட்டாரத்துக்கு உரியதே. வெறுப்பு வாதத்தை அவரைக் கொண்டு நிறுவ முடியாது. கிளாஸ்கோ மக்கள் சிரிக்க அறியாதவர்களும் அல்லர். அதே நகரத்துப் பெவிலியன் அரங்கில் தங்கள் மொழி பேசிய லெக்ஸ் மக்லீனைப் போன்றவர்களைக் கொண்டாடினார்கள். எம்பயருக்கே வந்த அமெரிக்க நகைச்சுவை நடிகரான டேனி கேயையும் ஆரவாரத்துடன் வரவேற்றார்கள். வெளியூர்ப் பேச்சையும் களைத்துக் குடித்திருந்த கூட்டத்தையும் ஒரே இரவில் ஒன்றாக நிறுத்தியது, ஊருக்கு ஊர் ஒரே நிகழ்ச்சியை அனுப்பிய மாஸ் எம்பயர்ஸ் நிறுவனத்தின் ஏற்பாடு. இதற்குமேல் இதை நீட்டிக்க விரும்பவில்லை.

கேள்வி: லண்டன் விண்ட்மில் அரங்கும் இப்படித்தானா?

பதில்: அங்கே சிக்கல் வேறு. ஆடையற்ற பெண்களின் அசையாக் காட்சிகளுக்காக வந்தவர்கள், நகைச்சுவையாளர் பேசும்போது செய்தித்தாள் படிப்பார்கள். முன்வரிசையில் இடம் காலியானால் இருக்கைகளைத் தாண்டி ஓடிப் பிடிப்பார்கள். பகை இல்லை, பொருட்படுத்தாமைதான். அதில் பழகிய பலர் பிற்காலத்தில் புகழ்பெற்றார்கள்.

கேள்வி: எம்பயர் இன்றும் இருக்கிறதா?

பதில்: இல்லை. 1957இல் ஸ்காட்டிஷ் டெலிவிஷன் அதே ஊரின் தியேட்டர் ராயலிலிருந்து ஒளிபரப்பத் தொடங்கியது. அரங்குக்கு வந்த கூட்டத்தைத் தொலைக்காட்சி இழுத்துக்கொண்டது. 1963 மார்ச் 31 அன்று எம்பயர் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது.