மகளை வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லலாமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: மகள் பி.இ. முடித்து ஒன்றரை வருடமாகப் பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறாள். மதியம் 12 மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் மூடும்போது இரவு 1 மணி ஆகிறது. சனிக்கிழமையும் பாதி நாள் போய்விடுகிறது. ஆள் இளைத்துவிட்டாள். கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அவள் அப்பாவோ, "நாங்க ராத்திரி பகலா உழைக்கலையா? இந்த வயசுல உழைக்காம எப்ப உழைக்கிறது?" என்கிறார். வந்துவிடு என்று சொல்லலாமா? பிளஸ் டூ படிக்கும் பையனும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்கிறான், அவனை என்ன செய்ய?

அம்மா, மகள் அனுப்பும் 15 ஆயிரத்தில்தான் வீட்டு லோன் கட்டுகிறோம் என்று கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதைப் பார்ப்போம்.

பட்டறை உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. தீபாவளிக்கு முன்னாலும் கல்யாண சீசனிலும் நள்ளிரவு வரை பற்ற வைப்பதும் மெருகு போடுவதும் நடக்கும். ஆனால் அங்கே எவ்வளவு உருப்படி முடிகிறதோ அவ்வளவு கூலி. சீசன் முடிந்தால் ஆர்டர் குறையும், உடம்பு தேறிக்கொள்ளும், சாப்பாடு வீட்டிலிருந்து வரும். உங்கள் மகளுக்கு 9 மணி நேரம் பார்த்தாலும் 13 மணி நேரம் பார்த்தாலும் அதே மாதச் சம்பளம். அவளுடைய வேலையில் பார்த்த நேரத்தைப் பதிய டைம்ஷீட் என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் அதில் ஏறுவது நாளுக்கு 8 அல்லது 9 மணி நேரம்தான். மீதி நேரம் எந்தக் கணக்கிலும் வராது. கணக்கில் வராததால், இந்த வேலைக்கு இத்தனை ஆள் போதும் என்றே மேலே முடிவாகிறது. அடுத்த ப்ராஜெக்டுக்கும் அதே ஆட்கள், அதே நள்ளிரவு. அவளுக்கு சீசன் முடிவதே இல்லை என்பதை அப்பாவிடம் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். உழைப்பாளி அவர், புரிந்துகொள்வார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலருக்கும் தெரிவதில்லை. கர்நாடகத்தின் 1961ஆம் ஆண்டு கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வகுத்தது. அதற்கு மேல் பார்க்கும் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். 2025இல் அந்த 9ஐ 10 ஆக்கும் யோசனை வந்தபோது அங்குள்ள ஐடி ஊழியர் சங்கம் எதிர்த்தது. நம் மாநிலத்திலும் 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறி, எதிர்ப்பு வலுக்க, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. இதைச் சொல்வது மகளை வழக்குக்கு அனுப்ப அல்ல. அவள் கேட்கப்போவது சலுகை இல்லை என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும், அதற்குத்தான்.

உடம்பு விஷயத்தில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று வந்தது. நீங்கள் சொல்லும் கணக்குப்படி உங்கள் மகள் 65ஐத் தாண்டுகிறாள். தூக்கம் வருகிறதா, மாதவிலக்கு ஒழுங்காக இருக்கிறதா, காரணமில்லாமல் அழுகிறாளா என்று அம்மாதான் கேட்க முடியும். மனம் ரொம்பவும் சோர்ந்திருந்தால் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவியான டெலி மானஸ் சேவை இருக்கிறது, இலவசம், தமிழிலும் பேசலாம்.

சரி, இப்போது மகள் செய்ய வேண்டியது. இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்குத் தொடங்கினாள், எத்தனை மணிக்கு முடித்தாள், மாலைக்கு மேல் என்ன செய்தாள், யார் சொல்லிச் செய்தாள். இதை எழுதிப் பார்த்த பிள்ளைகள் பலர், வேலை அதிகம் என்பதைவிடக் காத்திருப்பு அதிகம் என்று கண்டுபிடிக்கிறார்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அங்குள்ள வாடிக்கையாளரோடு பேசும் கால், அதாவது போன் மீட்டிங், முடியும்வரை டீம் முழுக்க உட்கார்ந்திருக்கும், பேசுவது இரண்டு பேர்தான். அப்படியென்றால் கேட்க வேண்டியது எளிது: ஷிப்டை மாலைக்குத் தள்ளுங்கள், இல்லை கால் உள்ள நாட்களை முறை வைத்துப் பிரித்துக் கொடுங்கள். ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்றால் வேறு ப்ராஜெக்டுக்கு மாற்றம் கேட்க வேண்டும். எதுவானாலும் வாய்ப்பேச்சாக இல்லாமல், அந்தக் கணக்கைக் காட்டி மெயிலில் கேட்கட்டும். புதிதாகக் கற்றுக்கொள்வதில் போகும் நேரம் நிறைய இருந்தால் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்பேன். வருடக்கணக்கில் இல்லை.

இனி அந்த 15 ஆயிரம். மேலாளர் என்ன சொன்னாலும் உங்கள் மகள் தலையாட்டுவதற்கு அவளுடைய பயந்த சுபாவம் காரணம் என்று நினைக்காதீர்கள். மாதம் 5ஆம் தேதி தவணை போக வேண்டும் என்பது அவள் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். "வந்துவிடு" என்று நீங்கள் சொன்னால், அப்போ லோன் என்று ஒரு கேள்வி எழும், அதை அவள் உங்களிடம் கேட்கவும் மாட்டாள். அதனால் முதலில் வங்கிக்குப் போய், தவணைக் காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைக்க முடியுமா என்று விசாரியுங்கள். வட்டி மொத்தத்தில் கூடும், தெரிந்தேதான் சொல்கிறேன். பட்டறை வருமானத்திலிருந்து பாதியையாவது நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மிச்சமாகும் பணம் அவள் கணக்கிலேயே நிற்கட்டும். ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்ந்த பிள்ளை மேலாளரிடம் பேசும் தொனியே வேறு.

அப்படியும் ஒன்றும் மாறவில்லை என்றால் வேலை மாறட்டும், ஆனால் அடுத்த ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு. சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பாண்ட் (இத்தனை காலம் இருக்க வேண்டும், முன்னால் விட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை) இருக்கிறதா, ராஜினாமா கொடுத்த பிறகு வேலை பார்க்க வேண்டிய நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று இப்போதே படித்துவிட வேண்டும். பல இடங்களில் அது 90 நாள். முறையாக விடுவித்தோம் என்று கம்பெனி தரும் ரிலீவிங் லெட்டர் வாங்காமல் வரக் கூடாது. உடம்பு கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னால் மட்டும் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், கூட்டி வந்துவிடுங்கள். சேலத்திலேயே ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் ஐடி பூங்கா இருக்கிறது, கோவையும் பக்கம்தான். சம்பளம் குறையலாம், வீட்டுச் சாப்பாடும் வாடகை மிச்சமும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பேங்க் எக்ஸாம், டிஎன்பிஎஸ்சி என்று வேலையை விட்டுவிட்டு உட்காருவதை மட்டும் களைப்பில் முடிவு செய்ய வேண்டாம். அதற்குத் தனியாக விருப்பமும் பொறுமையும் வேண்டும்.

இன்னொன்று. வெள்ளி இரவு பஸ் ஏறி விடியற்காலை நாலரைக்குப் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கும் பிள்ளையை, பத்து மணிக்குச் சொந்தக்காரர் வளைகாப்புக்குக் கிளப்பாதீர்கள். தூங்கட்டும். வரன் பேச்சையும் அந்த இரண்டு நாளில் எடுக்க வேண்டாம்.

பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கட்டும். அந்தப் படிப்பு காரணமில்லை, எந்தத் துறையிலும் இந்த நேரக் கொள்ளை இருக்கிறது. கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் அக்காவின் அந்த நோட்டை அவன் ஒருமுறை படிக்கட்டும், அவளிடம் ஒரு மாலை உட்கார்ந்து பேசட்டும். கல்விக் கடன் எடுப்பதானால், அதை யார் எப்படிக் கட்டுவது என்பதையும் அன்றைக்கே நான்கு பேரும் உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள்.