சேலம் குழுக்களில் வம்புக்கு வரும் சிலருடைய கருத்துகளை மட்டும் என் கண்ணில் படாமல் செய்ய முடியுமா?

கேள்வியில் இருக்கும் நிலைமை இது: சேலம், ஏற்காடு பற்றிப் பேசும் குழுக்களில் காபி விலையைக் கேட்டாலும் சரி, எட்டு வழிச்சாலையைப் பற்றிக் கேட்டாலும் சரி, அதே நாலு பேர் வந்து சண்டையாக்குகிறார்கள். அட்மின் கண்டுகொள்வதில்லை. குழுவை விட்டு விலகவும் மனமில்லை.

முடியும். அட்மின் தயவும் தேவையில்லை. 1984-ல் லாரி வால் எழுதிய ‘ஆர்என்’ என்ற, யூஸ்நெட் எனும் பழைய விவாதக் குழுக்களைப் படிக்கும் மென்பொருளிலேயே இதற்கென்று ‘கில் ஃபைல்’ இருந்தது. யாரைப் படிக்க வேண்டாம் என்று வாசகரே எழுதி வைப்பார். மற்றவர்களுக்கு எதுவும் மாறாது. இன்றும் வேலை அதேதான்.

முதலில் தளத்திலேயே என்ன வசதி இருக்கிறது என்று பாருங்கள். பிஎச்பிபிபி மென்பொருளில் ஓடும் தளங்களில் பயனர் பக்கத்தில் ‘ஃபோஸ்’ (எதிரிகள்) பட்டியல் உண்டு. அதில் பெயரைச் சேர்த்தால் அவர் பதிவு சுருங்கிவிடும். தளத்தை நடத்தும் அட்மின், மாடரேட்டர்களை அதில் சேர்க்க முடியாது. டிஸ்கோர்ஸ் மென்பொருளில் ஓடும் தளங்களில் ‘இக்னோர்’ உண்டு, ஆனால் புது உறுப்பினருக்குக் கிடைக்காது. வழக்கமான அமைப்பில், தளம் உறுப்பினருக்குத் தரும் ‘நம்பிக்கை நிலை’ 2 வரவேண்டும். ஃபேஸ்புக்கில் ‘பிளாக்’ போதும், வேறு கருவி தேடி அலைய வேண்டாம். எக்ஸ் தளத்தில் ‘மியூட்’ போடுவதே நல்லது. 2024 நவம்பரிலிருந்து, பிளாக் செய்யப்பட்டவராலும் உங்கள் பொதுப் பதிவுகளைப் படிக்க முடிகிறது. பிளாக் செய்தது அவருக்குத் தெரிந்துபோய் இன்னொரு வம்பு தொடங்கும். வாட்ஸ்அப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அங்கே பிளாக் செய்தால் தனிச்செய்தியும் அழைப்பும் மட்டும்தான் நிற்கும். இருவரும் உள்ள குழுவில் அவர் எழுதுவது தொடர்ந்து தெரியும்.

இந்த வசதி இல்லாத தளங்களுக்கு யூபிளாக் ஆரிஜின் என்ற பிரவுசர் நீட்சி போதும். விளம்பரத் தடுப்பான் என்றுதான் பலருக்கும் தெரியும், ஆனால் பக்கத்தின் எந்தப் பெட்டியையும் மறைக்க அதற்குத் தெரியும். குரோமில் 2025-லிருந்து இது ஓடுவதில்லை, ஃபயர்ஃபாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸிலும் ஓடும். ஐபோன் ஃபயர்ஃபாக்ஸில் ஓடாது.

அதன் அமைப்புகளில் ‘மை ஃபில்டர்ஸ்’ என்ற பக்கத்தைத் திறந்து, ஒரு வரிக்கு ஒரு விதி எழுத வேண்டும். எல்லாம் ஆங்கில எழுத்தில். முதலில் தளத்தின் முகவரி. இடைவெளி விடாமல் இரண்டு ஹேஷ் குறிகள் (##). அடுத்து ஒரு கருத்தைச் சுற்றியிருக்கும் பெட்டியின் கிளாஸ் பெயர், முன்னால் ஒரு புள்ளியுடன். அந்தக் கருத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ போட்டால் கிளாஸ் பெயர் தெரியும். பிறகு முக்காற்புள்ளி வைத்து ‘ஹேஸ்’ (:has); அடைப்புக்குறிக்குள் அந்த ஆளின் புரொஃபைல் இணைப்பு, a[href*="இணைப்பு"] என்ற வடிவில். சமக்குறிக்கு முன் உள்ள நட்சத்திரத்துக்கு ‘இது எங்கேயாவது வருகிறது’ என்று பொருள். ‘அப்ளை சேஞ்சஸ்’ அழுத்திப் பக்கத்தை மறுபடி ஏற்றினால் ஆள் காணாமல் போயிருப்பார்.

கெடுவது மூன்று இடங்களில். ஒன்று, பெயர். திரையில் தெரியும் பெயரை வைத்து விதி எழுதினால் அவர் பெயர் மாற்றிய அன்றே அது செத்துவிடும். புரொஃபைல் இணைப்பில் உள்ள எண் பெரும்பாலும் மாறாது, அதைப் பிடியுங்கள். ஆனால் அவர் எண் 45 என்றால், ‘45 வருகிறது’ என்று எழுதினால் 451-ம் எண்காரரும் சேர்ந்து மறைவார். ‘45-ல் முடிகிறது’ என்று கேட்க, சமக்குறிக்கு முன் நட்சத்திரத்துக்குப் பதில் டாலர் குறி போடுங்கள். 145-ம் எண்காரர் மாட்டாமலிருக்க, இணைப்பில் எண்ணுக்கு முன்னால் உள்ள சாய்கோட்டையோ சமக்குறியையோ சேர்த்தே எழுதுங்கள்.

இரண்டாவது, ஒருவர் அவரை டேக் செய்திருந்தால் அந்தக் கருத்திலும் அதே இணைப்பு இருக்கும். அப்பாவியின் பதிவும் போய்விடும். மூன்றாவதுதான் பெரிய தொல்லை. பல தளங்களில் மறுமொழிகள் தாய்க் கருத்தின் பெட்டிக்குள்ளேயே அடுக்கப்பட்டிருக்கும். ‘இந்தப் பெட்டிக்குள் எங்கேயாவது அவர் இணைப்பு இருக்கிறதா’ என்று கேட்டால், அவர் ஒரே ஒரு மறுமொழி போட்ட நல்ல கருத்து முழுவதும் காணாமல் போகும். இரண்டுக்கும் ஒரே மருந்துதான்: ஹேஸ் அடைப்புக்குறிக்குள் முதலில் ‘>’ குறியைப் போட்டு, எழுதியவர் பெயர் வரும் வரியின் கிளாஸைக் குறிப்பிட்டு, அதற்குள் மட்டும் இணைப்பைத் தேடச் சொல்லுங்கள்.

கிளாஸ் பெயர்கள் அர்த்தமில்லாத எழுத்துக் கலவையாக இருக்கும் தளங்களில் விதி அடிக்கடி உடையும், ஏனென்றால் தளத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அவை மாறும்.

ஆளை வடிகட்டுங்கள், சொல்லை வடிகட்டாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. சொல்லை மறைத்தால் உங்களுக்குத் தேவையான தகவலும் சேர்ந்து போகிறது. அதையும் மீறி ஒரு தலைப்பு சலித்துவிட்டது என்றால், சொல்லை வைத்து மறைக்க யூபிளாக்கில் ‘ஹேஸ்-டெக்ஸ்ட்’ (:has-text) உண்டு. ஆனால் தமிழில் அதைக் கவனமாகச் செய்ய வேண்டும். ‘சேலம்’ என்று கொடுத்தால் ‘சேலத்துல’ தப்பிவிடும். சரி, ‘சேல’ என்று சுருக்கினால் சேலை விற்பவர்கள் எல்லாரும் மறைவார்கள். ‘சேலம’, ‘சேலத’ என இரண்டு கொடுக்க வேண்டும். ஏற்காட்டுக்கு ‘ஏற்கா’ கொடுத்தால் ‘ஏற்காமல்’, ‘ஏற்காது’ எல்லாம் மாட்டும். ‘ஏற்காட’ கொடுத்தால் ‘ஏற்காடு’, ‘ஏற்காட்டில்’ இரண்டும் சரியாகப் பிடிபடும். சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்கும் ‘சொல் எல்லை’ குறி தமிழில் உதவாது, ஜாவாஸ்கிரிப்ட் அதை ஆங்கில எழுத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறது. ‘கொண்டலாம்பட்டி’ மாதிரிச் சொற்களில் இன்னொரு பொறி: யூனிகோடில் ‘கொ’வின் குறியை ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கருவிக்கு இரண்டு. இரண்டு வடிவத்தையும் விதியில் சேருங்கள். தங்கிலீஷில் எழுதுபவர்களுக்குத் தனி வரி வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காதே என்ற ‘i’ குறியையும் மறக்காதீர்கள்.

முழுசாக மறைக்காமல் ‘மறைக்கப்பட்டது’ என்று ஒரு மெல்லிய வரி மட்டும் நிற்க வேண்டுமென்றால் நம் சொந்த ஸ்கிரிப்டைப் பக்கங்களில் ஓடவிடும் வயலன்ட்மங்கி போன்ற நீட்சியில் சின்ன ஸ்கிரிப்ட் எழுதவேண்டும். தோட்டக்காரர்கள் காபியில் தண்டுத் துளைப்பான் பூச்சி பற்றிப் பேசும் இழைகளில் எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. வம்புக்காரருக்கும் சில நேரம் விஷயம் தெரிந்திருக்கும், யாருக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்ற தொடர்ச்சியும் அறுந்துபோகாது. ஸ்கிரிப்ட் பக்கம் திறந்ததும் ஒருமுறை ஓடி நின்றுவிடக் கூடாது. கீழே உருட்டும்போதும், மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும்போதும், கருத்துகள் பிற்பாடுதான் வந்து சேரும். பக்கத்தில் புதிதாக வருவதைக் கவனிக்கும் ‘மியூட்டேஷன் அப்சர்வர்’ வைக்காவிட்டால் அவை வடிகட்டப்படாமலே நிற்கும். யூபிளாக் விதிகள் பின்னால் வருவதையும் தானாகவே கவனித்துக்கொள்ளும்.

ஒவ்வொரு விதிக்கும் மேலே ஆச்சரியக்குறியில் தொடங்கும் வரி ஒன்றில் யார், ஏன், எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து எண்ணை மட்டும் பார்த்தால் யாரென்றே தெரியாது. அப்படிப் பழையதாகிவிட்ட விதியை நீக்கிப் பாருங்கள், பலர் அதற்குள் அடங்கியிருப்பார்கள்.

மிரட்டுபவரையும், உங்கள் போன் எண்ணையோ படத்தையோ போடுபவரையும் மட்டும் வடிகட்டாதீர்கள். நீங்கள் பார்க்காவிட்டாலும் அது மற்றவர்களுக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கும். தேதியும் பக்க முகவரியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தளத்தில் ரிப்போர்ட் செய்யுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியுங்கள்.